விட்ட இடத்திலிருந்து ஃப்ரன்ட் எண்ட்: எந்தச் சிறு புராஜெக்ட்டை எடுப்பது?

பிரவுசரில் தெரியும் பக்கங்களைக் கட்டும் ஃப்ரன்ட் எண்ட் வேலையை 2019-இல் விட்டுவிட்டு, சர்வரில் ஓடும் பேக் எண்ட் பக்கம் போனேன். 2023-இல் வேலை மாறியபோது மறுபடி பிரவுசருக்கு வந்து சேர்ந்தேன். முதல் வாரம் சாதாரணமான ஒரு கார்டு வரிசை செய்யக் கொடுத்தார்கள். கை தானாக ஓடியது. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன், பார்க்கவும் சரியாக இருந்தது. குழுவில் என்னைவிடப் பத்து வயது இளையவர் ஒருவர் நான் எழுதிய நிரலை, அதாவது கோடைப் பார்த்துவிட்டு, "சார், இந்த மைனஸ் மார்ஜின் எதுக்கு? கேப் போட்டா போதுமே" என்றார்.

வெளி இடைவெளியை எதிர்மறை எண்ணாகக் கொடுக்கும் அந்த மைனஸ் மார்ஜினுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில் பெட்டிகளை வரிசையாக அடுக்கும் முறை ஃப்ளெக்ஸ்பாக்ஸ்; அதற்குள் இடைவெளி விடும் கேப் என்ற பண்பு சஃபாரியில் 2021 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன்னால் கார்டுகளுக்கு நடுவே இடைவெளி விட இப்படித்தான் சுற்றி வளைக்க வேண்டியிருந்தது. அதேபோல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-ஐ நினைத்து, கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டைத் தொடாமல் விட்டிருந்தேன். அந்த பிரவுசருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் விடைகொடுத்துவிட்டது. நான் ஒதுங்கியிருந்த நான்கு வருடத்தில் என் பழக்கங்களுக்கான காரணங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பழக்கங்கள் மட்டும் கையில் நின்றுவிட்டன.

இடைவெளி விட்டுத் திரும்புகிற எவருக்கும் இதுதான் பெரிய தடை என்று நினைக்கிறேன். புதிதாகக் கற்கிறவர் தெரியாத இடத்தில் நின்று தேடுவார். நாம் நிற்க மாட்டோம். நமக்கு ஒரு வழி தெரியும், அதுவும் வேலை செய்யும், அதனால் தேடவே தோன்றாது. ஆகவே சிறு புராஜெக்ட்டுகளை ஒப்பிடும்போது "எதில் நிறையக் கற்கலாம்" என்று நான் கேட்பதில்லை. "என் பழைய பழக்கத்தை எது வெளியே இழுத்துப் போடும்" என்றுதான் கேட்கிறேன். அந்தக் கேள்வியோடு ஐந்து வகைகளைச் செய்து பார்த்தேன்.

பாடத்தோடு வருகிறவை

ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் புராஜெக்ட், வெஸ் பாஸின் ஜாவாஸ்கிரிப்ட்30 என்ற இணையப் பாடங்கள் மூன்றுமே இலவசம், மூன்றுமே நல்லவை. ஆனால் திரும்பி வருகிறவருக்கு மூன்றும் ஒன்றல்ல.

ஃப்ரீகோட்கேம்பின் சர்வே படிவம், அஞ்சலிப் பக்கம் போன்ற பயிற்சிகளில் தானியங்கிச் சோதனைகள் நம் கோடைச் சரிபார்க்கும். இந்தப் பெயரில் ஒரு உறுப்பு இருக்கிறதா, அதற்குள் இன்னது இருக்கிறதா என்று அது பார்க்கும். தொடக்கக்காரருக்கு அது நல்ல கைப்பிடி. என்னைப் போன்றவர் 2016 பாணியில் எழுதினாலும் எல்லாம் பச்சையாக வந்துவிடும். அப்படி வந்தது. இரண்டு மாலை போனது, என் பழக்கம் எதுவும் அசையவில்லை. ஓடின் புராஜெக்ட் கிட் (கோடின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி), கமாண்ட் லைன் என்று அடியிலிருந்து முறையாகக் கட்டிக்கொண்டு போகும். மாதக்கணக்கில் நேரம் இருந்தால் சிறப்பு, மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் பாதை நீளம்.

ஜாவாஸ்கிரிப்ட்30 வேறு மாதிரி. 2016 இறுதியில் வந்தது. முப்பது நாள், முப்பது சிறு வேலைகள், ஃப்ரேம்வொர்க் கிடையாது, நூலகம் (பிறர் எழுதிவைத்த தயார்க் கோடு) கிடையாது. முதல் நாள் கீபோர்டில் அடிக்கும் டிரம்ஸ், இரண்டாம் நாள் கடிகாரம். பல வருடம் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்துக்குள்ளேயே இருந்துவிட்டு, ஒரு பட்டனுக்கு நேரடியாக, அழுத்தியதும் ஓடும் ஈவென்ட் லிசனர் வைப்பது எப்படி என்று யோசிக்கிற நிலையில் இருப்பவருக்கு இதில் முதல் பத்து நாள் போதும், கை சூடாகிவிடும். வீடியோவைப் பார்ப்பதற்கு முன் ஆரம்பக் கோப்பை மட்டும் எடுத்து நீங்களே செய்து பாருங்கள். பார்த்துக்கொண்டே கூட எழுதினால் அது தட்டச்சுப் பயிற்சியாகிவிடும்.

கொடுத்த டிசைனை அப்படியே செய்வது

ஃப்ரன்ட்எண்ட் மென்ட்டார் போன்ற இடங்கள் டிசைனைக் கொடுத்து "இதைக் கட்டு" என்கின்றன. ஒரு கியூஆர் கோடு கார்டிலிருந்து பெரிய ஆப் வரை நிலைகள் உண்டு. இதன் பலம், நிறத்தையும் எழுத்துருவையும் பற்றி நாம் யோசிக்க வேண்டாம் என்பது. டிசைன் கண் இல்லாத என் போன்றவருக்கு அது பெரிய நிம்மதி. முழு நேரமும் லேஅவுட்டிலேயே போகும்.

பெரும்பாலும் 375 பிக்சல் அகலத்துக்கு ஒரு படம், 1440 பிக்சலுக்கு ஒரு படம் தருவார்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் என்ன நடக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பயிற்சியின் முழுச் சாறும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பலர் இரண்டு படத்தையும் பிக்சல் பிசகாமல் எட்டிவிட்டு, நடுவில் 800-இல் பக்கம் கந்தலாகக் கிடப்பதைப் பார்க்காமலே முடித்துவிடுகிறார்கள். பிரவுசர் சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். எங்கே உடைகிறதோ அங்கே திரை அகலத்தைப் பார்த்து மாறும் ஒரு மீடியா குவெரி போடத்தான் பழைய கை போகும். அதைத் தடுத்து, அளவுக்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைக்கும் கிளாம்ப், மின்மேக்ஸ், அல்லது கன்டெய்னர் குவெரி இவற்றில் ஒன்றால் முடியுமா என்று பாருங்கள். கன்டெய்னர் குவெரி 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்துகொண்டதால் முக்கிய பிரவுசர் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. திரையின் அகலத்தை விட்டுவிட்டு, கார்டு எந்தப் பெட்டிக்குள் இருக்கிறதோ அதன் அகலத்தைப் பார்த்து அது தன்னை மாற்றிக்கொள்ளும். 2019-இல் நாங்கள் இதற்காக ஏங்கியிருக்கிறோம்.

புகழ்பெற்ற ஒரு தளத்தின் முகப்பை நகலெடுப்பதும் இதே வகைதான், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. முகப்பு வந்துவிடும். உள்ளே இருக்கும் ஆயிரம் நிலைகள் வராது. பாதி செட் போட்ட நாடக மேடை போல நின்றுவிடும்.

சொந்தப் பழையதைத் திரும்ப எழுதுவது

எனக்கு அதிகம் கொடுத்தது இதுதான்.

2016-இல் அண்ணன் கல்யாணத்துக்கு ஒரு பக்கம் செய்திருந்தேன். இன்னும் எத்தனை நாள் என்று ஒரு கடிகாரம், புகைப்பட ஓட்டம், படத்தைத் தொட்டால் பெரிதாகும் பெட்டி, "வருகிறீர்களா, எத்தனை பேர்" என்று கேட்கும் படிவம், அடிக்கடி கேட்கும் கேள்விகள். அதற்குள் ஐந்து நூலகங்கள்: பக்கத்தை இயக்க ஜேக்வெரி, தோற்றத்துக்கு பூட்ஸ்ட்ராப் 3, தேதிக்கு மொமென்ட் ஜேஎஸ், புகைப்பட ஓட்டத்துக்கு ஒரு ஸ்லைடர், படத்தைப் பெரிதாக்க ஒரு லைட்பாக்ஸ். அன்றைக்கு அதில் ஒன்றும் தவறில்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை. பழைய பில்டை, அதாவது கோடைத் தொகுத்துப் பக்கமாக்கும் ஏற்பாட்டை, உயிர்ப்பிக்கப் போகாதீர்கள். அந்த வேலைக்கான என் கல்ப் கோப்பும், அதற்குள் சிஎஸ்எஸ்ஸை உருவாக்கிய நோட்-சாஸ் நூலகமும், பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடின் புதிய பதிப்பில் நிறுவவே மறுத்தன. இரண்டு மாலை அதோடு போராடினேன். அந்த நூலகம் நின்றிருந்த அடித்தளமான லிப்சாஸ் 2020-இலேயே கைவிடப்பட்டது என்று பிறகுதான் பார்த்தேன். உள்ளடக்கம், படங்கள், பழைய கோடு இவற்றை மட்டும் எடுத்து ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, வெற்று எச்டிஎம்எல் கோப்பிலிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் ஒவ்வொரு நூலகமாக எடுத்து "இது எதற்காக இங்கே வந்தது" என்று கேட்டேன். லைட்பாக்ஸ் வந்தது, பிரவுசருக்கு மேலெழும் பெட்டி தெரியாததால். இப்போது டயலாக் என்று ஒரு உறுப்பே இருக்கிறது. 2022 மார்ச்சிலிருந்து முக்கிய பிரவுசர் எல்லாவற்றிலும் உண்டு. மோடலாகத் திறந்தால் எஸ்கேப் விசையில் மூடும், பின்னால் இருக்கும் பக்கம் தொடமுடியாததாகிவிடும், மூடியதும் ஃபோகஸ் முன்பு இருந்த பட்டனுக்கே திரும்பும். என் பழைய லைட்பாக்ஸ் இதில் எதையும் செய்யவில்லை. கீபோர்டை மட்டும் நம்பியிருக்கிறவர் அன்று அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருப்பார் என்பது எனக்கு உறைத்ததே இப்போதுதான்.

ஸ்லைடரின் வேலையை, தள்ளும்போது படம் படமாக நிற்க வைக்கும் சிஎஸ்எஸ் ஸ்குரோல் ஸ்னாப் ஏற்றுக்கொண்டது. கேள்வி பதில் பகுதிக்கு, தொட்டால் விரியும் டீடெய்ல்ஸ் உறுப்பு போதுமாயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால் ஒன்றைத் திறக்கும்போது மற்றது மூடிக்கொள்ளும், அதற்கும் ஸ்கிரிப்ட் வேண்டாம். மொமென்ட்டின் ஆசிரியர்களே 2020-இல் அது இனி பராமரிப்பில் மட்டும் இருக்கும், புதுத் திட்டங்களுக்கு வேறு பாருங்கள் என்று எழுதிவிட்டார்கள். தேதியைத் தமிழில் காட்ட பிரவுசரோடு வரும் இன்டில் என்ற வசதி போதும். கிழமையும் மாதமும் தமிழிலேயே வருகின்றன.

படிவத்தில்தான் ஒரு பாடம் வலித்துக் கிடைத்தது. படிவத்தை சர்வருக்கு அனுப்பும் ஜேக்வெரியின் அஜாக்ஸ் அழைப்பை, பிரவுசரோடே வரும் ஃபெட்ச்சாக மாற்றினேன். பிழை வந்தால் காட்டும் செய்தியையும் அப்படியே மாற்றி எழுதினேன். சோதிக்கும்போது சர்வர் முகவரியை வேண்டுமென்றே தவறாகக் கொடுத்தால், "நன்றி, பதிவாகிவிட்டது" என்கிறது பக்கம். காரணம், சர்வர் 404 (அப்படி ஒன்று இல்லை) என்று அனுப்பினாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. நெட்வொர்க்கே அறுந்தால்தான் தோல்வி. பதில் சரியா என்று அதன் ஓகே மதிப்பை நாம்தான் பார்க்க வேண்டும். ஜேக்வெரி இதை எனக்காகச் செய்துகொண்டிருந்தது என்பதையே மறந்திருந்தேன். எந்தப் பாடத்திலும் இந்த வரியைப் படித்துத் தாண்டியிருப்பேன். சொந்தப் பக்கத்தில் கண்ணெதிரே பொய் சொன்னபோது மனதில் நின்றுவிட்டது.

ஒன்பது மாலைகள் ஆயின. முடிவில் ஐந்து நூலகங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. எதைத் துணிந்து பயன்படுத்தலாம் என்பதற்கு எம்டிஎன் என்ற இணைய ஆவணத் தளத்தின் பக்கங்களில் மேலேயே தெரியும் பேஸ்லைன் குறி நல்ல துணை. 2023-இல் வந்த ஏற்பாடு அது. முக்கிய பிரவுசர் எல்லாவற்றிலும் வந்தால் "புதிதாகக் கிடைக்கிறது", அதற்கு முப்பது மாதம் கழித்து "பரவலாகக் கிடைக்கிறது".

இந்த வழி எல்லாருக்கும் திறந்திருக்காது. உங்கள் பழைய கோடு முழுவதும் நிறுவனத்துடையது என்றால் அதை வீட்டுக்கு எடுத்து வர உங்களுக்கு உரிமை இல்லை. அப்படியானால் அங்கே செய்த ஒரு பகுதியை, பெயரும் தரவும் இல்லாமல், நினைவிலிருந்து புதிதாகக் கட்டுங்கள். ஒரு வடிகட்டும் அட்டவணை, ஒரு பல படிப் படிவம் என்று ஏதாவது ஒன்று போதும்.

ஒருவருக்கு நிஜமாகவே வேண்டிய கருவி

காரைக்குடியில் அத்தை பலகாரம் செய்து விற்கிறார். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும், கணக்கு எல்லாம் நோட்டில். மொத்தம் போட்டு அனுப்ப ஒரே ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். என் லேப்டாப்பில் அழகாக இருந்தது. அத்தை திறந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இதுல கால் கிலோ எங்கடா இருக்கு?"

நான் எண் பெட்டி வைத்திருந்தேன். அவர் 0.25 என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பெட்டியை எடுத்துவிட்டு கால், அரை, முக்கால், ஒன்று என்று ரேடியோ பட்டன்களாக மாற்றினேன். அடுத்தது கணக்கு. ஜாவாஸ்கிரிப்ட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரிந்திருந்தும் கிலோவைத் தசமத்தில்தான் வைத்திருந்தேன். எடையைக் கிராமிலும் விலையைப் பைசாவிலும் முழு எண்ணாக மாற்றி, காட்டும்போது மட்டும் ரூபாயாக்கினேன்.

பிறகு அவர் போன். எழுத்து அளவை ஆகப் பெரியதாக வைத்திருக்கிறார். உயரத்தை பிக்சலில் கட்டிப்போட்டிருந்த பட்டன்களில் "மனகோலம்" பாதி வெட்டுப்பட்டு நின்றது. "சீப்புச்சீடை" பெட்டியைத் தாண்டி வெளியே வந்தது. உயரத்தை விட்டுவிட்டு உள்ளே பேடிங் என்ற இடைவெளி மட்டும் கொடுத்தேன், அளவுகளை எழுத்து அளவோடு சேர்ந்து வளரும் ரெம்முக்கு மாற்றினேன், நீண்ட சொல் மடங்க வழிவிட்டேன், வரி உயரத்தை 1.6 ஆக்கினேன். ஆங்கில எழுத்துக்குப் பழகிய 1.2 தமிழின் மேல் சுழிகளுக்கும் கீழ்க் கொக்கிகளுக்கும் போதாது. மத்தியான வெயிலில் வாசலில் நின்று பார்த்தால் வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து காணாமல் போனது. எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே வேண்டும் என்று அணுகல் விதிகளில் சொல்லும் 4.5:1 மாறுபாட்டை அதுவரை ஒரு சோதனைக் கருவி கேட்கும் எண்ணாகத்தான் நினைத்திருந்தேன்.

இந்த வகையில் கிடைப்பது இதுதான்: நாம் கேட்க நினைக்காத கேள்விகள். வேறு எந்தப் பயிற்சியும் இவற்றைக் கேட்காது. பலவீனமும் அதிலேயே இருக்கிறது. எல்லை தெரியாது. அத்தை "பாக்கிக் கணக்கும் வேணும்" என்பார், "போன வருஷ தீபாவளி ஆர்டரும் தெரியணும்" என்பார். பயனாளர் கேட்கிற எல்லாவற்றையும் செய்யப் போனால் ஃப்ரன்ட் எண்ட் பயிற்சி டேட்டாபேஸ் வேலையாகிவிடும். ஒரே பக்கம், தரவு பிரவுசருக்குள்ளேயே இருக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அது எழுத்துச் சரங்களை மட்டும், தளத்துக்குச் சுமார் 5 எம்பி வரை வைத்துக்கொள்ளும். பலகாரக் கணக்குக்குத் தாராளம்.

அப்படி யாரும் அருகில் இல்லையென்றால் தமிழையே பயனாளராக வைத்துக்கொள்ளலாம். ஒரு எழுத்து எண்ணும் பக்கம் செய்து பாருங்கள். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 5 என்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். நமக்கு அது 3 எழுத்து. இன்டில் செக்மென்ட்டரைக் கொண்டு பிரித்தால் சரியாக 3 வரும். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டதால் இப்போது நம்பி எடுக்கலாம். அதிலிருந்து ஒரு சொல் விளையாட்டுக்கு ஒரு எட்டுதான்.

ரியாக்ட் துருப்பிடித்திருந்தால்

இங்கே டூ-டூ லிஸ்ட் எடுக்க வேண்டாம். நூறு முறை எழுதப்பட்டது அது. ஏஐ கருவியிடம் ஒரு வரி சொன்னால் மொத்தமும் வந்து விழும், யோசிக்க எதுவும் மிஞ்சாது. அதற்குப் பதில் 7ஜியுஐஸ் என்ற ஏழு பணிகளின் தொகுப்பைப் பரிந்துரைப்பேன். கவுன்ட்டர், வெப்பநிலை மாற்றி, விமான முன்பதிவு, டைமர், பெயர்ப்பட்டியல், வட்டம் வரைதல், சிறு ஸ்பிரெட்ஷீட். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட முள்ளை வைத்திருக்கிறது.

விமான முன்பதிவில் ஒருவழியா இருவழியா என்ற தேர்வு, போகும் தேதி, திரும்பும் தேதி, ஒரு பட்டன், அவ்வளவுதான். ஒருவழிப் பயணம் என்றால் திரும்பும் தேதி முடங்க வேண்டும். திரும்பும் தேதி முன்னதாக இருந்தால் பட்டன் முடங்க வேண்டும். என் முதல் முயற்சியில் பட்டனின் நிலைக்குத் தனியாக ஒரு ஸ்டேட் (ரியாக்ட் நினைவில் வைக்கும் மதிப்பு), அதைப் புதுப்பிக்க ஒரு யூஸ் எஃபெக்ட் (பக்கத்தை வரைந்த பிறகு ஓடும் ஹூக்). தேவையே இல்லை. தேதிகளிலிருந்து, பக்கத்தை வரையும் ரெண்டரின்போதே கணக்கிட்டுவிடலாம். யூஸ் எஃபெக்ட் போன்ற ஹூக்குகள் 2019 பிப்ரவரியில் வந்தபோது அரைகுறையாகப் பழகிய என் போன்றவர்களின் கையில் இருக்கும் முக்கியத் தவறு இது. ரியாக்ட்டின் இப்போதைய ஆவணத்தில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. டைமரில், ஓடிக்கொண்டிருக்கும்போதே கால அளவை நகர்த்தினால் குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஓடும் இன்டர்வல் பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டு மாட்டிக்கொள்ளும். ஸ்பிரெட்ஷீட் ஒரு வாரத்தைத் தின்னும், அவசரம் என்றால் விட்டுவிடுங்கள். புது ரியாக்ட் புராஜெக்ட்டைத் தொடங்க வைட் என்ற கருவி போதும். முன்பு அந்த வேலைக்குப் பயன்பட்ட கிரியேட் ரியாக்ட் ஆப்பைப் புது ஆப்களுக்கு இனி எடுக்க வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது.

சரி, எதை எடுப்பது?

மூன்று வாரத்தில் நேர்காணல் என்றால் பழையதைத் திரும்ப எழுதுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும், கிட்டில் அதைச் சேமிக்கும் கமிட்டில், ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். "இடைவெளி விட்டிருக்கிறீர்களே" என்ற கேள்வி வந்தால் காட்ட அதைவிட நல்ல பதில் கிடைக்காது. பிறகு ஒரு நேர்காணலில் எனக்கு அந்தக் கேள்வி வந்தது, மைனஸ் மார்ஜினையும் ஃபெட்ச்சையும் சொன்னேன், அடுத்த இருபது நிமிடம் பேச்சு அதைப் பற்றியே போனது.

தினமும் ஒரு மணி நேரம்தான், அதுவும் குழந்தை தூங்கினால்தான் என்கிற நிலையில் இருப்பவருக்குப் பழைய புராஜெக்ட் கனமாக இருக்கும். பாதியில் விட்டால் அடுத்த நாள் எங்கே விட்டோம் என்று தேடவே நேரம் போய்விடும். அவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட்30-இன் ஒற்றைப் பணிகளோ டிசைன் கார்டுகளோதான் பொருந்தும். ஒரே அமர்வில் முடிந்துவிடும். முடித்த நிறைவும் அந்தக் காலத்தில் வேண்டியிருக்கிறது.

வேலை கையில் இருக்கிறது, அவசரமில்லை என்றால் ஒருவருக்கு வேண்டிய கருவி. ரியாக்ட் மட்டும்தான் பின்தங்கியிருக்கிறது, சிஎஸ்எஸ் சரியாக இருக்கிறது என்றால் நேராக விமான முன்பதிவு. ஏஐ கருவிகளைப் பற்றியும் கேட்பீர்கள். முதல் வரைவு முடியும்வரை நான் அதை அணைத்து வைக்கிறேன். முடிந்ததும் கோடைக் கொடுத்து, "இதில் எது பழைய வழக்கம்" என்று கேட்கிறேன். அது சொல்வதை எம்டிஎன்னில் சரிபார்த்த பிறகுதான் மாற்றுகிறேன்.

அத்தை பக்கத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அடுப்படியில் நெட் வருவதில்லை, ஒவ்வொரு முறையும் வாசலுக்கு வந்துதான் கணக்குப் போடுகிறார். தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள், பக்கத்தை போனிலேயே சேமித்து எடுத்துத் தரும் சர்வீஸ் வொர்க்கர் போட்டு, நெட் இல்லாமலே பக்கம் திறக்கும்படி செய்ய வேண்டும். சர்வீஸ் வொர்க்கரை நான் கடைசியாகத் தொட்டது 2018-இல்.